தெளியாத சிவப்பு

சமையலறை ஜன்னல் திண்டில் ஒரு பழைய தேன் பாட்டில். அதற்குள் எங்கள் செவலையின் மூத்திரம். பார்க்கக் கட்டங்காப்பி நிறம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் சிவப்பு தெரியும், பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி. கால்நடை டாக்டர் அதைத் தன் கையாலேயே அங்கே வைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் யாரும் இதை ஆட்டிடாதீங்க" என்று சொல்லிக் கட்டுத்தரைக்குத் திரும்பினார். நானும் அத்தையும் அடுப்படியில் நின்று பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செவலை பிழைத்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு அந்த டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அது செரிமானத்தைப் பற்றிய வாக்கியம்தான் என்பது வேடிக்கை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். செவலை ஜெர்சி கலப்பு. ஆடி மாதம் கன்றோடு வாங்கி வந்தோம். அதற்கு முன் சிமென்ட் தரைக் கொட்டகையில், காடு மேடு தெரியாமல் வளர்ந்த மாடு. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அத்தை வந்து, "கண்ணு, மாடு செவப்பா மூத்திரம் பேயுது, ஒரு எட்டு வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். தீவனத்தில் வாய் வைக்கவில்லை, காது தொங்கிப்போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஐயா சூடு என்றார். வெந்தயத்தை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், விலங்கியல் படித்தவள் என்ற தோரணையில், "சிறுநீர்ப் பாதையில கல்லோ புண்ணோ இருக்கும் அத்தை, ரெண்டு நாள் பார்ப்போம்" என்றேன். அந்த இரண்டு நாள் என்னுடையது. மோரைக் கொடுத்தவர் மேல் அதைச் சுமத்த முடியாது. மூன்றாம் நாள் டாக்டர் வந்து பார்த்தபோது காய்ச்சல் 106 டிகிரி. கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். வெள்ளைக் காகிதம் போல இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். அடியில் எதுவும் படியவில்லை. "ரத்தமா இருந்தா அணுக்கள் அடியில இறங்கி மேல மஞ்சளாத் தெளிஞ்சிருக்கும் டீச்சர். இது ரத்தமில்ல, ரத்தத்தோட நிறம்" என்றார். எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அத்தைக்குப் பிடிபட்டுவிட்டது. "மண்ணு கலந்த தண்ணி தெளியும், சாயத்தண்ணி தெளியுமாக்கும்?" என்றார். ஈரோட்டுப் பக்கத்துக்காரருக்குச் சாயத்தண்ணியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவப்பணுக்கள் மாட்டின் உடம்புக்குள்ளேயே உடைந்து, அவற்றிலிருந்த ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கலந்திருக்கிறது. அதைப் பிடித்து வைக்கிற ஹாப்டோகுளோபின் என்ற புரதம் தீர்ந்துபோனதும், மிச்சம் சிறுநீரகம் வழியாக வழிந்துவிட்டது. உண்ணி கொண்டுவந்த பபீசியா என்ற ஒட்டுண்ணியின் வேலை. அதற்குள் நான் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன்: "அப்போ அந்த ஒட்டுண்ணி ரத்தத்தைத் தின்னுதா டாக்டர்?" அவர் ஊசி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "தின்னிருந்தா இப்படி வெளிய வராதே டீச்சர். ஒடச்சிட்டுப் போகுது."

நான் 22 வருடமாகப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். புரதம் வெட்டும் நொதி என்றால் கரும்பலகையில் இரைப்பையைத்தான் வரைவேன். பெப்சின், ட்ரிப்சின், கைமோட்ரிப்சின். வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு சோதனைக் குழாயில் கரைவதைக் காட்டுவேன். ஒட்டுண்ணி என்றால் உட்கார்ந்து தின்பவன். நொதி என்றால் அவன் பல். எனக்குள் இருந்த சித்திரம் அவ்வளவுதான். அந்தத் தேன் பாட்டிலுக்குள் இருந்தது, தின்னப்படாமல் கொட்டிப்போன சாப்பாடு. அப்படியானால் பல் எதற்கு?

கரி இல்லாத அடுப்பு

அன்று சாயங்காலம் டாக்டர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். செவலையின் காது நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கண்வில்லையில் போனை வைத்து எடுத்த படம். வெளிறிய சிவப்பணுக்களுக்கு நடுவே சிலவற்றில் ஊதா நிறத்தில் ஒரு ஜோடிப் பேரிக்காய், கூர்முனைகள் ஒட்டி, ஆங்கில வி எழுத்து மாதிரி விரிந்து. பபீசியா பைஜெமினா என்ற பெயரில் இருக்கிற 'பைஜெமினா' அந்த இரட்டையைத்தான் சொல்கிறது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகுப்பில் மலேரியா சிலைடுகள் காட்டியிருக்கிறேன், அதனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் உறைத்தது. கருப்புப் புள்ளி இல்லை.

மலேரியா ஒட்டுண்ணி உண்மையிலேயே தின்கிறது. சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினை வாய் வாயாக விழுங்கி, தனக்கென ஒரு அமிலப் பையில் போட்டு, பிளாஸ்மெப்சின், ஃபால்சிபெயின் என்று வரிசையாக நொதிகளை ஏவித் துண்டாக்குகிறது. புரதத்தைத் தின்றுவிடலாம், ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் ஹீம் விஷம். அதைப் படிகமாக்கி மூலையில் குவித்து வைக்கிறது. அந்தக் கருப்புக் குவியல்தான் ஹீமோசோயின். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டுகொண்டது இந்தக் கருப்பைத்தான். தெரியாத வீட்டில் சமையல் நடந்திருக்கிறது என்று அடுப்புக் கரியை வைத்துச் சொல்வது போல, கருப்பைப் பார்த்து அவர் ஒட்டுண்ணியின் வழியைப் பிடித்தார்.

பபீசியாவின் வீட்டில் கரி இல்லை. அதே சிவப்பணு, அதே ஹீமோகுளோபின், ஆனால் அந்த அமிலப் பையும் கிடையாது, படிகமும் கிடையாது. 2007இல் இதன் நெருங்கிய உறவான பபீசியா போவிஸின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. நான்கு குரோமோசோம், ஏறக்குறைய 82 லட்சம் எழுத்து, 3,700க்குக் கொஞ்சம் குறைவான மரபணுக்கள். மலேரியா ஒட்டுண்ணியிடம் இருப்பதைவிடச் சிறிய பெட்டி. மலேரியாவில் ஹீமோகுளோபினைத் தின்னும் வேலைக்கென்றே இருக்கிற அந்த பிளாஸ்மெப்சின்களுக்கு பபீசியாக்களிடம் இணை இல்லை. ஆனால் அதே குடும்பத்தின் வேறு சில நொதிகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டிய கத்தியைக் காணோம். வேறெங்கோ இருக்க வேண்டிய கத்தி இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போனது. டாக்டர் சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டே சொன்னதும் இதே விஷயம்தான்.

பப்பாளிக் குடும்பம்

இந்த நொதிகளின் பெயர்களில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. மலேரியாவில் ஃபால்சிபெயின். பபீசியா போவிஸில் போவிபெயின். பைஜெமினாவில் பபீசிபெயின். எல்லாம் 'பெயின்' என்று முடிகின்றன. ஆங்கிலத்து வலி இல்லை இது, பப்பாளியின் பப்பெயின். கிடா வெட்டினால் கறி வேகாமல் அடம்பிடிக்கும்போது எங்கள் அத்தை ஒரு துண்டு பப்பாளிக்காயைத் தோலோடு தட்டிப் போடுவார். அரை மணி நேரத்தில் கறி விட்டுக்கொடுத்துவிடும். பப்பாளிப் பாலில் இருக்கிற அந்த நொதி கறியின் புரத இழைகளை வெட்டுகிறது. அது வெட்டும் விதத்துக்கு நடுவில் சிஸ்டீன் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதே அமைப்பில் செய்யப்பட்ட நொதிகள் ஒட்டுண்ணியிலும் உண்ணியிலும் நம் சொந்த உயிரணுக்களிலும் இருப்பதால், கண்டுபிடித்தவர்கள் பப்பாளியின் பெயரை எல்லாவற்றுக்கும் வால் போல் ஒட்டிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று அத்தையிடம் சொன்னேன். "பப்பாளிக்கு நோவு வருமாக்கும்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னொரு குடும்பத்துக்குத் தலை பெப்சின். 1836இல் தியோடோர் ஷ்வான் இரைப்பைச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தபோது, செரிமானம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்தார். சரியான பெயர்தான், இரைப்பையில் இருக்கும்வரை. ஆனால் அந்தப் பெயரோடு ஒரு எண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: புரதத்தை வெட்டுவது என்றால் தின்பதற்கு. பெப்சினின் உறவுக்காரர்கள் எல்லாரும் சமையல்காரர்கள் இல்லை. எச்ஐவி வைரஸின் புரதவெட்டி அதே வகைதான். வாயில்லாத வைரஸ் எதைத் தின்னப்போகிறது? நீளமாகத் தைத்த துணியைச் சட்டை, கை, காலர் என்று வெட்டிப் பிரிக்கிற தையல்காரர் வேலை அதற்கு. நம் ரத்தம் உறைவதும் வெட்டும் நொதிகளின் சங்கிலிதான். ஒன்று இன்னொன்றை வெட்டி எழுப்பிவிட, கடைசியில் வருவது த்ராம்பின். இதையெல்லாம் நான் தனித்தனிப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரே பாடம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

உள்ளிருந்து திறக்கும் கதவு

சரி, பபீசியா அந்தக் கத்தியை வைத்து என்ன செய்கிறது? அதன் நாளை அதன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்க்கலாம். உண்ணியின் எச்சிலோடு மாட்டின் ரத்தத்தில் விழுகிறது. ஒரு சிவப்பணுவைப் பிடித்து, தொற்றி, நுழைய வேண்டும். நுழைகிறபோது அணுவின் சவ்வு ஒரு பையாக மூடிக்கொள்கிறது. மலேரியா அந்தப் பைக்குள்ளேயே கடைசிவரை குடியிருக்கும், பபீசியாவோ சீக்கிரமே பையைக் கலைத்துவிட்டு அணுவின் சாற்றில் நேராக மிதக்கும். இரண்டாகப் பிரியும். அதுதான் அந்த ஜோடிப் பேரிக்காய். பிரிந்தவை வெளியே வர வேண்டும், வந்த உடனே அடுத்த அணுவுக்குள் போக வேண்டும். வெளியே நிற்கிற நேரத்தில் மாட்டின் எதிர்ப்பணுக்கள் பிடித்துக்கொள்ளும். ஆக இதன் பிழைப்பு முழுக்க இரண்டு நிகழ்ச்சியில் தொங்குகிறது: நுழைவது, வெளியேறுவது.

இரண்டிலும் வெட்ட வேண்டியிருக்கிறது. நுழையும்போது ஒட்டுண்ணி தன் மேற்பரப்பில் பசைப் புரதங்களை நீட்டி அணுவைப் பிடிக்கிறது. பிடித்த பிடியோடு உள்ளே போக முடியாது. இந்த இனத்து ஒட்டுண்ணிகள் ரோம்பாய்டு என்ற நொதியால் அந்தப் பசையைத் தன் சவ்வின் உள்மட்டத்திலேயே வெட்டி விட்டுவிட்டு உள்ளே வழுக்கிப் போகின்றன. நொதி என்றால் தண்ணீரில் நடக்கும் வேலை என்று படித்தவளுக்கு, கொழுப்புச் சவ்வுக்குள் மூழ்கியிருந்து வெட்டுகிற ஒரு நொதி இருக்கிறது என்பதே புதிது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற பபீசியா போவிஸில் பப்பாளிக் குடும்பத்து நொதிகளை முடக்கும் பொருட்களைச் சேர்த்தால், அது அணுக்களுக்குள் நுழைவதும் பெருகுவதும் தளர்ந்துவிடுகிறது.

வெளியேறுவதுதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. பிடித்த என்ற சொல்லுக்கு மாடு மன்னிக்க வேண்டும். கதவைத் திறக்கும் கத்தி எப்போதும் கூராக இருந்தால் என்ன ஆகும்? பிரிந்து முடிவதற்குள் வீடு உடைந்து, அரைகுறைக் குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டும். அதனால் கத்தி உறையில் இருக்கிறது. இது எனக்குத் தெரிந்த சங்கதிதான்: பெப்சின்கூட பெப்சினோஜன் என்ற உறையோடுதான் சுரக்கும், அமிலம் பட்டால் உறை கழன்று பெப்சினாகும். இல்லாவிட்டால் அதைச் சுரக்கிற அணுவையே தின்றுவிடும். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. மலேரியாவில் இந்த உறைக் கதை அடுக்கடுக்காகப் போகிறது. 2017இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது இது: பெப்சினின் உறவினரான பிளாஸ்மெப்சின்-10 என்ற நொதி, சப்-1 என்ற இன்னொரு நொதியை வெட்டித் தயார்செய்கிறது. சப்-1 சின்னப் பைகளில் காத்திருக்கிறது. ஒட்டுண்ணிக்குள் பிகேஜி என்ற சமிக்ஞை நொதி விழித்து, கால்சியம் ஏறி, பைகள் திறந்ததும் சப்-1 வெளியே பாய்ந்து அடுத்த நொதிகளை எழுப்பிவிடுகிறது. அதற்கப்புறம் சுவர் நிமிடங்களில் சரிகிறது. ஐரோப்பிய மாடுகளில் வாழும் பபீசியா டைவர்ஜென்ஸிலும் இதே பிகேஜியும், பிளாஸ்மெப்சின்-10க்கு உறவான ஏஎஸ்பி-3 என்ற நொதியும் இல்லாமல் இந்தப் போக்குவரத்து நடப்பதில்லை. பபீசியா தன் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கத்தி இதுதான். சாப்பாட்டுக் கத்தியைத் தொலைத்துவிட்டு வாசல் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற உயிரி.

இதைப் படித்தபோது என் கண்முன் நின்றது அந்தப் பாட்டில்தான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உள்ளே இருந்த ஹீமோகுளோபின் அப்படியே கொட்டுகிறது. யாரும் அதைத் தின்னவில்லை, யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. இருந்த இடத்தை விட்டுப் போகிறவன் வாசலைச் சாத்தாமல் போனால் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் தெருவுக்கு ஓடும் அல்லவா, அது. செவலையின் நோயில் பெரும்பங்கு ஒட்டுண்ணி குடியிருந்ததால் வந்ததில்லை, கிளம்பிப் போனதால் வந்தது. நான் இரண்டு நாள் கல்லையும் புண்ணையும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குள் சுற்றுக்குச் சுற்று கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

பபீசியா போவிஸில் இன்னும் ஒரு விபரீதம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1970களில் கண்டது: ஒட்டுண்ணியின் வெட்டும் நொதிகள் மாட்டின் பிளாஸ்மாவில் உறைகளோடு தூங்கிக்கொண்டிருக்கும் காலிக்ரீன் என்ற நொதியை எழுப்பிவிடுகின்றன. அது கைனின் என்ற துண்டை வெட்டி விடுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. தன் வாசலுக்கு வைத்திருந்த கத்தி அடுத்த வீட்டுக் கத்தியையும் உருவிவிடுகிறது. நல்லவேளை, செவலைக்கு வந்தது போவிஸ் இல்லை.

கொட்டமுத்து

எங்கள் பக்கத்தில் ஆமணக்கு விதையைக் கொட்டமுத்து என்போம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி அச்சு அசல் கொட்டமுத்துதான். சாம்பல் நிறம், மினுமினுப்பு, ஒரு முனையில் குட்டித் தலை. லத்தீன்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ரிசினஸ் என்றால் அவர்களுக்கு உண்ணி, ஆமணக்குச் செடிக்கும் அதே பெயர். இந்தக் கதையில் உண்மையாகவே ரத்தத்தைத் தின்கிறவள் இவள்தான். இவளிடம் பப்பாளிக் குடும்பமும் பெப்சின் குடும்பமும் கூட்டாகவே இருக்கின்றன, கதெப்சின்கள் என்ற பெயரில். கொசு தன் குடல் வெளியிலேயே ட்ரிப்சினைக் கொட்டி ரத்தத்தைக் கரைக்கும். உண்ணி அவசரப்படாது. ரத்தத்தைக் குடலில் தேக்கி வைத்து, குடல் சுவரின் அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, தமக்குள் இருக்கிற அமிலப் பைகளில் வைத்து வெட்டுகின்றன. குடல்வெளி ஓரளவு சாந்தமாக இருக்கிறது. அந்தச் சாந்தம் பபீசியாவுக்கு வசதி. அங்கேதான் அது ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து அடுத்த வடிவத்துக்குப் போகிறது.

வசதி என்று சொல்லிவிட்டேன், முழுவதும் அப்படியும் இல்லை. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹீமாபைசாலிஸ் லாஞ்சிகார்னிஸ் என்ற உண்ணியின் குடலில் ஒரு பப்பாளிக் குடும்பத்து நொதியை விவரித்தார்கள். லாஞ்சிபெயின். அது பபீசியாவைக் கொல்கிறது. அந்த மரபணுவை அடக்கிவிட்டால் உண்ணிக்குள் ஒட்டுண்ணி அதிகமாகிறது. ஆக உண்ணியிடமும் கத்தி, ஒட்டுண்ணியிடமும் கத்தி, மாட்டின் ரத்தத்திலும் கத்தி. நான் ஒரே ஒரு கத்தியை, அதுவும் இரைப்பையில், வரைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கட்டுத்தரையில் இருந்த உண்ணிக்கு இன்னொரு விசேஷம். இது ஒரே மாட்டின் மேல் குஞ்சாக ஏறி, அங்கேயே இரண்டு முறை தோலுரித்து, மூன்று வாரம் போலக் கழித்து, ரத்தம் குடித்து முடித்துக் கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். வாழ்நாளில் இரண்டாவது மாட்டைத் தொடுவதே இல்லை. அப்படியானால் நோய் அடுத்த மாட்டுக்கு எப்படித் தாவும்? இதே கேள்வி அமெரிக்காவில் டெக்சஸ் காய்ச்சல் என்ற பெயரில் பெரிய வழக்காக இருந்தது. தெற்கத்தி மாடுகள் தெம்பாக வடக்கே நடக்கும். அவை மேய்ந்த தரையில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் சிவப்பு மூத்திரம் பெய்து சாகும். உண்ணிதான் காரணம் என்று மாடு மேய்த்தவர்கள் சொன்னார்கள், படித்தவர்கள் சிரித்தார்கள். (இந்த இடத்தில் எனக்கு முகம் சுருங்கியது.) தியோபால்ட் ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் மேய்த்தவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வேலிகள் கட்டினார்கள். உண்ணியைப் பொறுக்கிவிட்ட தெற்கத்தி மாடுகளோடு விட்டால் வடக்கத்தி மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெற்கத்தி மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் தரையில் தூவினால் நோய் வந்தது. கடைசியில், ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து பொரித்த, எந்த மாட்டையும் அதுவரை கடித்திராத குஞ்சுகளை விட்டார்கள். அப்போதும் மாட்டுக்கு நோய் வந்தது. ஒட்டுண்ணி தாய் உண்ணியின் குடலிலிருந்து சூலகத்துக்குப் போய் முட்டைக்குள் ஏறிவிடுகிறது. 1893இல் இதை வெளியிட்டார்கள். கணுக்காலி இனம் ஒன்று ஒட்டுண்ணி நோயைப் பாலூட்டிக்குக் கடத்துகிறது என்று ராஸுக்கு முன்பே செய்து காட்டிய வேலை இது. ஆனால் நம் பாடப்புத்தகத்தில் கொசுவுக்குக் கிடைக்கிற இடம் உண்ணிக்குக் கிடைப்பதில்லை.

அந்தத் தெற்கத்தி மாடுகள் ஏன் சாகவில்லை என்பதை எங்கள் கட்டுத்தரையிலேயே பார்த்தேன். செவலையோடு வந்த கன்று அதே தரையில், அதே உண்ணிகளோடு, தாய் படுத்திருந்த நாட்களிலும் துள்ளிக்கொண்டிருந்தது. முதல் சில மாதங்களில் பபீசியா தொற்றினால் கன்றுகள் பெரும்பாலும் லேசாகத் தாங்கிக்கொண்டு எதிர்ப்பைச் சம்பாதித்துவிடும். வளர்ந்த பிறகு முதன்முறை சந்திக்கிற மாடுதான் சாய்கிறது. சிமென்ட் தரையில் சுத்தமாக வளர்ந்ததே செவலைக்கு வினையாகிவிட்டது. வடக்கத்தி மாடு.

டாக்டர் போட்ட ஊசி டிமினசீன். 1950களில் வந்த மருந்து. கத்திகளை முடக்கும் வேலையைச் செய்வதில்லை. மரபுப்பொருளில் போய் ஒட்டிக்கொள்கிற சரக்கு. மறுநாள் மாலை மூத்திரம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க நொதிகளைக் குறிவைத்துப் புது மருந்து எதற்கு என்று எனக்கும் தோன்றியது. ஒன்று, இருக்கிற மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரண்டு, வாசல் கத்தியை முடக்கினால் ஒட்டுண்ணி பிறந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டுச் சாகும், அணு உடையாது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பெப்சினுக்கும் பப்பாளிக்கும் மாட்டின் உடம்பிலும் சொந்தக்காரர்கள் ஏராளம். ஒட்டுண்ணியின் கத்தியை மட்டும் தேடிப் பிடித்து மழுக்குவது லேசான காரியம் இல்லை. அது முடிந்தாலும், பால் சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்கிறவர் ஒரு மாட்டுக்குக் கொடுக்கக்கூடிய விலையில் அந்த மருந்து வருமா? மனித மலேரியாவுக்கு ஓடுகிற பணத்தின் ஓரத்தில் ஒதுங்கித்தான் மாட்டு நோய்க்கு ஏதாவது கிடைக்கும் போலிருக்கிறது.

செவலை எழுந்துவிட்டாள். மூன்று மாதச் சினை கலைந்துபோனது. பத்து லிட்டர் கறந்த மடி அந்த ஈத்து முழுக்க நாலைத் தாண்டவில்லை. அத்தை என்னிடம் அந்த இரண்டு நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் கஷ்டம். இந்த வருடம் செரிமானப் பாடம் வந்தபோது முட்டை வெள்ளைக்கருவைக் கரைத்துக் காட்டியபிறகு, செவலையின் ரத்தப் படத்தைப் போனில் சுற்றுக்கு விட்டேன். "இது எதையும் தின்னலையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். மணி அடித்துவிட்டது.

அத்தைக்கும் எனக்கும் இப்போது நடக்கிற வாக்குவாதம் கன்றைப் பற்றியது. கன்றின் மேல் நாலு உண்ணி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எதிர்ப்புச் சக்தி வரும் என்பது என் புதுப் படிப்பு. டாக்டரிடம் சொன்னபோது அவர் தலையாட்டவில்லை. "பபீசியாவுக்குச் சரி டீச்சர். தைலேரியாவுக்கு? அதைக் கொண்டுவர்ற உண்ணி வேற, அது கலப்பினக் கன்னையே நெறிகட்டிச் சாய்ச்சிடும். நாலு உண்ணியில எது எதுன்னு பார்த்துச் சொல்லுவீங்களா?" என்றார். நேற்றுச் சாயங்காலம் அத்தை கன்றின் காது மடலிலிருந்து ஒன்றை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். டாக்டர் சொன்ன அந்த வேறு உண்ணியா என்று தெரிந்துகொள்ள, கால்களில் கோடு இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, என் கையிலிருந்து அதைத் தட்டி மண்ணெண்ணெய் மூடிக்குள் போட்டார். "நீ பார்த்துச் சொல்றதுக்குள்ள அது முட்டையே வெச்சிரும் கண்ணு" என்று அடுத்த காதைத் திருப்பினார்.